ஒன்பதாம் கேள்வி

முனைவர் பட்டத்துக்காக யாரோ அனுப்பிய படிவம்.
கல்லூரி நூலகர்களின்
புவியியல் தகவல் மேலாண்மைத் திறன்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.
எல்லாவற்றுக்கும் மூன்று போட்டேன்.
மூன்று பொல்லாப்பில்லாத எண்.

வரைபடங்களைப் பராமரித்தல்: மூன்று.
நான் பணியில் சேர்ந்த அன்று
இரும்பு இழுப்பறையில் பூச்சி உருண்டைகளோடு
நூற்றுப் பதினாலு கிராமப் படங்கள்
எட்டாய் மடிந்து கிடந்தன.
மடிப்பு விழுந்த இடங்களில்
சில ஊர்கள் இரண்டாகியிருந்தன.

இடப்பெயர்களை ஒழுங்குபடுத்துதல்: மூன்று.
எங்கள் பதிவேட்டில் கருவேலங்குளம்,
தாலுகா ஆபீஸில் கருவேலன்குளம்,
பஸ் பலகையில் கே.வி.குளம்,
கண்டக்டர் வாயில் வெறும்
'கொளம் கொளம் கொளம்.'
நான்கையும் ஒரே அட்டையில் கட்டிவைத்தேன்.

பயனரின் தேவையறிதல்: மூன்று.
செட்டிகுளம் படம் வேண்டுமென்றாள் ஃபர்ஜானா,
எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு.
"எந்தச் செட்டிகுளம்?"
"ஒண்ணுதானே மேடம் இருக்கு?"
பட்டியலில் ஏழு இருந்தது.
"பஸ் எங்க ஏறுவீங்க?"
"ஆரப்பாளையம்."
ஐந்து உதிர்ந்தன.
"வழியில ரயில்வே கேட் வருமா?"
"வரும், ரொம்ப நேரம் நிப்போம்."
அந்த நிற்றலில் ஒன்று மிஞ்சியது.

ஆயத்தொலைவு பொருத்துதல்: மூன்று.
பழைய படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல்
போர்த்தவேண்டும்;
நகராத நான்கு புள்ளிகள் தேவை என்றார்கள்
மூன்று நாள் பயிற்சியில், மதிய உணவுக்கு முன்.
மதுரையில் நகராதது எது?
ஆனைமலையை ஒரு புள்ளியாக வைத்தேன்.
முச்சந்திக் கல் ஒன்று, பாறைக் கிணறு ஒன்று,
நாலாவதாக
மேலூர் ரோட்டோரப் பிள்ளையார்.
படம் கோணிக்கொண்டது.
கண்மாய் போய்
வேதியியல் துறையின் மாடியில் ஏறி உட்கார்ந்தது.
ஒரு வாரம் கணினியைத் திட்டினேன்.
பிறகு பூ வாங்கும்போது சங்கிலியம்மாள் சொன்னாள்,
"சாமி முன்ன அந்தப் புளியமரத்துக்கிட்ட இருந்துச்சு,
ரோடு அகலமாக்கயில இங்க தூக்கியாந்தாக."
பிள்ளையாரை எடுத்துவிட்டு
புளியமரத்தைக் குத்தினேன்.
அறுபது மீட்டர் தள்ளி
ஊர் தன் இடத்தில் அமர்ந்தது.
எங்கள் கல்லூரி அமர்ந்தது கண்மாய்க்குள்.

ஒன்பதாம் கேள்வியில்தான் பேனா நின்றது.
இத்தகவலைப் பயனர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?
ஆய்வு. பாடம். மற்றவை (குறிப்பிடுக).
ஒரு விரற்கடைக் கோடு.

மார்கழி. இரவு பதினொன்றரை.
விடுதிக் காப்பாளர் மரகதவல்லியின் குரலுக்குப் பின்னால்
பாத்திரங்கள் மிதந்து முட்டுகிற ஓசை.
"மோட்டார் போட்டு கிழக்க எறைக்கிறோம்,
எறைக்க எறைக்க வருதுங்க."
படத்தைத் திறந்தேன்.
மெஸ் வாசலில் கலிங்கு.
அதிலிருந்து மெல்லிய நீலக்கோடு
வடக்கே, சைக்கிள் நிறுத்தம் வழியாக,
மதில் கட்டியவர் யாரும் கேட்டிராத ஓடை.
"கிழக்க மேடு. வடக்கு மதில்ல,
நாலாவது தூணுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல,
அடியில நாலு செங்கல்லைப் பேருங்க."
"யாரு சொன்னாங்கன்னு கேட்டா?"
"லைப்ரரின்னு சொல்லுங்க."
காவலாளி இருளப்பன் கடப்பாரையைப் போட்டாராம்.
முதலில் ஒரு கொப்பளிப்பு,
அப்புறம் வழி தெரிந்தவர் நடையில்
தண்ணீர் கிளம்பிப் போனதாம்.
பழைய பிள்ளையார்ப் புள்ளியை நம்பியிருந்தால்
ஆய்வகச் சுவரை இடித்திருப்போம்.

விரற்கடைக் கோட்டில் இதை எப்படி எழுத?
'மற்றவை: செங்கல்' என்று எழுதினேன்.
ஆய்வாளர் போன் செய்தார்.
"மேடம், அது புரியலை,
'ஆய்வு'ன்னே போட்டுக்கட்டுமா?"
போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

தை பிறந்ததும்
பராமரிப்புப் பிரிவு வந்து
சிமென்ட் குழைத்து ஓட்டையை அடைத்து
மேலே சுண்ணாம்பும் அடித்தது.
நான் படத்தில் புதிதாக ஓர் அடுக்கு திறந்து
அதில் ஒரே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
பெயர்: ஓட்டை.
தேதி இருக்கிறது, தூண் எண் இருக்கிறது,
துல்லியம் அரை மீட்டர்.
எனக்குப் பின் வருகிறவர் தேடினால் கிடைக்க,
'ஓட்டை', 'ஒட்டை', 'வடக்கு மதில்', 'மழை'
நான்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.