நாற்பத்தொன்றாவது வரி

நிதி நாற்பது வீடுகளுக்கு.
இதைக் கணினி முடிவு செய்யவில்லை,
நகர்மன்றம் முடிவு செய்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.
எந்த நாற்பது என்பதே கணினியின் வேலை.

மனிசாலெஸில் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள்.
எரிமலைச் சாம்பல் இறுகி மண்ணாகி
மண்மேல் மூங்கில் வீடு,
அதன் கூரைக்கு நேர் மேலே அடுத்த வீட்டு வாசல்.
மூன்று நாள் மழையைக் குடித்தால்
தான் சாம்பல் என்பது
மண்ணுக்கு நினைவு வந்துவிடும்.

எங்கள் கருவி ஆறு அடுக்குகளைக் கோக்கும்:
சரிவு, மண், வடிகால், சுவர்,
எத்தனை பேர், என்ன வயது.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை.
எல்லா எடையும் கூடி ஒன்று வரவேண்டும்.
திரையில் சின்னக் குமிழ்கள், விரலால் நகர்த்தலாம்.
நகர்த்தினால் மலை நிறம் மாறும்.
பார்க்க வரும் பெரிய மனிதர்கள்
ஒருமுறை நகர்த்திவிட்டு
யாரும் பார்க்காதபோது இன்னொருமுறை நகர்த்துவார்கள்.

நூபியா எச்செவெர்ரி வீட்டுக்கு
மார்ச்சில் படிவத்தோடு போனேன்.
சுவர் என்ன? மூங்கில், மேலே சிமெண்டுப் பூச்சு.
வடிகால்? சிரித்தாள்.
இரவில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்?
‘எந்த இரவில்?’ என்றாள்.
தங்கை யோலிமாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி,
அந்த நாட்களில் அவள் பிள்ளைகள் இங்கே.
காப்பி அறுவடை முடிந்தால்
அண்ணன் நாலு ஆளோடு வந்து இறங்குவான்.
பெட்டிக்குள் ஓர் எண்தான் இடம் கொள்ளும்.
காலியாக விட்டேன்.

காலியைக் கருவிக்குப் பிடிக்காது.
பேட்டையின் சராசரியை எடுத்துப் போட்டது:
மூன்று புள்ளி நாலு.
மூன்று முழு ஆள்,
முழங்காலுக்குச் சற்றுமேல் வரை இன்னொரு ஆள்.

பட்டியல் வந்தது.
நூபியா, நாற்பத்தொன்று.

அலுவலகத்தில் யாரும் இல்லை.
சரிவின் எடையைக் கொஞ்சம் ஏற்றினேன்,
முப்பதிலிருந்து முப்பத்திரண்டு.
ஒன்றுக்கு மேல் போகாதே,
ஆகவே வயதிலிருந்து இரண்டை எடுத்தேன்.
பொய் இல்லை. முப்பத்திரண்டுக்கும்
ஆய்வுக் கட்டுரைகள் உண்டு.
நூபியா முப்பத்தெட்டுக்கு ஏறினாள்.
எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால்
நாற்பத்தொன்றாவது வரி காலியாக இல்லை.
எப்படி இருக்கும்?
பெயர் கிடையாது, ஒரு குறியீடு.
அழுத்தாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
எலியேசர் ஒசோரியோ, எண்பத்தொரு வயது,
தகரச் சுவர், தனி ஆள்.
எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னவர்,
இரவில் எத்தனை பேர் என்றதற்கு
‘ஒன்று’ என்று விரலும் காட்டியவர்.
நான் எடுத்த இரண்டு அவருடையது.

பழையபடி வைத்தேன். நூபியா இறங்கினாள்.
மறுபடி ஏற்றினேன்.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா
என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள்.
வெண்ணெய் வாங்கியதே நாற்பது கண்ணுக்குத்தான் ஐயா.

இரவு இரண்டரை.
மழைமானி செய்தி அனுப்பியது.
எண்ணைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன்.
என் வேலை பட்டியல்வரைதான்,
எச்சரிக்கை வேறு துறை.
நூபியாவின் எண்ணைச் சுழற்றினேன்.

இரண்டாவது மணியில் எடுத்தாள்.
தூங்கவில்லையா என்றேன்.
‘இத்தனை பேருக்கு நடுவில் எங்கே தூங்க?
பிள்ளைகள் இங்கே, அண்ணன் நேற்று வந்தான்.
மேலே தகரம் அதிர்கிறதென்று
எலியேசர் ஐயாவும் இறங்கி வந்துவிட்டார்.’

பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், இப்போதே, என்றேன்.
‘யார் சொல்கிறார்கள், நகராட்சியா?’
நான் சொல்கிறேன் என்றேன்.
அந்தப் பக்கம் மழையும்
யாரோ செருப்புத் தேடும் சத்தமும்.
திரையில் அந்தக் காலிப் பெட்டிக்குள்
கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.
‘எத்தனை பேர்?’ என்று கேட்டேன்.
‘இரு, எண்ணிச் சொல்கிறேன்’ என்றாள்.