எட்டடி

புனலூர் ஷிபு கடையில்
ஸ்கூட்டர் ஆர்.சி.யை ஈடு வைத்துவிட்டு
இரண்டு லென்ஸையும் வாங்கி வந்தேன்.
ஒன்று முப்பத்தைந்து, மற்றது எண்பத்தைந்து.
இரண்டும் ஏற்கெனவே யாரோ பார்த்து முடித்தவை.
'ஆறு மணிக்கு முன்ன வரணம். மழ நனையருது' என்றான்,
லென்ஸா நானா என்று சொல்லவில்லை.

சீட்டு எடுத்த காசு இருபத்தெட்டாயிரம்.
ஒன்றுக்குத்தான் காணும்.
இரண்டிலும் ஜூம் கிடையாது.
கிட்டே வேண்டுமென்றால் நடக்க வேண்டும்,
தூரம் வேண்டுமென்றாலும் நடக்க வேண்டும்.

ஆரியங்காவு தாண்டி இறங்கினால்
கூடவே வந்த மழை
கோட்டைவாசலோடு நின்றுகொண்டது,
பர்மிட் இல்லாத லாரி மாதிரி.
புளியரை செக்போஸ்ட்டில்
பறவைக் காய்ச்சல் என்று
வருகிற டயருக்கெல்லாம் மருந்து அடித்தார்கள்.
என் இரண்டு டயருக்கும் அடித்தார்கள்.
ஆர்.சி. கேட்கவில்லை.

முதலில் எண்பத்தைந்து.
சாலைக்கு இந்தப் பக்கம் நின்றே
மருந்தடிக்கிறவரைப் பிடித்தேன்.
பின்னால் தடுப்புக்கம்பம், நேந்திரங்காய்க் கடை,
எல்லாம் வெண்ணெயாய் உருகி
ஒரு மஞ்சள் வட்டம், ஒரு பச்சை வட்டம்.
மருந்துப் புகைக்குள் முகம் மட்டும்
சாமி புறப்பாட்டில் தெரிவதுபோல.
கோழி லாரிகூட அழகாக இருந்தது.
நான் இருப்பதே அவருக்குத் தெரியாது.

பிறகு முப்பத்தைந்து.
நாலடி வரைக்கும் போக வேண்டியிருந்தது.
மூக்கு கொஞ்சம் முந்திக்கொண்டது.
அதன் பின்னாலேயே வந்தது
நூல் போட்டுக் கட்டிய கையுறை,
பேரலில் பாதி அழிந்த எழுத்து,
கூண்டுக்கு வெளியே நீண்ட ஒரு கோழிக்கால்,
அதைப் பார்த்துச் சிரிக்கிற கிளீனர்,
'யாரும்மா நீ, எந்தப் பத்திரிகை?'
கல்யாணம் காதுகுத்து எடுக்கிறவள்,
லென்ஸைச் சோதிக்கிறேன் என்றேன்.
'அப்ப ஒழுங்கா நிக்கவா?' என்று
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
பேர் மாடக்கண்ணு.
நம்பர் சொன்னார், மகளுடையது.

டீக்கடை பெஞ்சில் கணக்குப் போட்டேன்.
நான் படமெடுக்கப் போகிற வீடுகளில்
எண்பத்தைந்து கேட்கிற எட்டடி கிடையாது.
ஏழாவது அடியில் பீரோ இருக்கும்,
இல்லையென்றால் அரிசி மூட்டை, இல்லையென்றால் மாமனார்.
சடங்குப் பெண்ணை முழுசாய்ப் பிடிக்க
அடுத்த வீட்டுக்குள் போய் நிற்க வேண்டும்.
இதைச் செய்தவன்
அகலமான வீட்டில் பிறந்திருக்கிறான்.

முப்பத்தைந்து எந்த அறைக்குள்ளும் அடங்கும்.
ஆனால் கிட்டே போகிறவள் நான்.
பந்தி வரிசையில், ஜெனரேட்டர் மறைவில்,
'போட்டோக்கா, நம்மளையும் கொஞ்சம் கிட்ட வந்து எடு'
என்கிற குரலும் அதே நாலடியில்தான் நிற்கும்.
பதினோரு வருஷமாக
அந்த நாலடிக்குள் சம்பாதிக்கிறேன்.
தள்ளி நின்றாலும் ஒரு முகம் கிடைக்கும் என்பது
இன்று மத்தியானம்தான் தெரிந்தது.

நாலே முக்காலுக்குத் திரும்ப மலையேறினேன்.
ஷிபு இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
முப்பத்தைந்துக்குள் ஒரு பூஞ்சைப் புள்ளி,
கடுகில் பாதி.
'படத்துல வராது. ரெண்டாயிரம் குறைச்சு தராம்.'
எண்பத்தைந்து சுத்தம்.
இருபத்தெட்டில் ஒரு ரூபாய் குறையாது.

எண்பத்தைந்தை எடுத்துக்கொண்டேன்.
பெட்ரோலுக்கு ஷிபுவிடமே நூறு ரூபாய் கடன்.

வெள்ளிக்கிழமை தேன்பொத்தையில் வளைகாப்பு.
வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டேன்.
பத்துக்கு ஒன்பது, நடுவில் கட்டில்.
கட்டிலை வெளியே போடச் சொல்லியிருக்கிறேன்.
போடாவிட்டால் நான் வெளியே,
ஜன்னலுக்கு அந்தப்புறம், வாழைக்குள்,
யாராவது குடை பிடிக்க வேண்டும்.

மாடக்கண்ணு மகளுக்கு
இரண்டு படத்தையும் அனுப்பியிருந்தேன்.
ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது:

'ரெண்டாவது அப்பா.
மொத படத்துல இருக்கது யாருக்கா?'