பதினைந்து

உறைபெட்டியில் நான்கு குப்பிகள்,
சுண்டுவிரல் நகமளவு மூடிகள்.
அடினின், தைமின், குவானின், சைட்டோசின்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பாஸ்பேட், ஒரு காரம்.
கையிருப்புப் பட்டியலில் இவற்றுக்கு மேலே கையுறை,
கீழே கழிவுப் பை.

பட்டர்வொர்த்தில் கார் கழுவுகிறான் லோகேந்திரன்.
பதினேழு வயது. ஐசி இல்லை.
வீட்டிலேயே பிறந்தவன்.
இவள்தான் பெற்றாள் என்று காட்டு என்கிறது பதிவிலாகா.
பெற்றவள் சொல்வது போதாதாம்.

பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தபோது
அவனுக்குச் சிரிப்பு வந்தது.
"இதுல என் பேரு தெரியுமாக்கா?"
தெரியாது. அதில் எழுத்தே நாலுதான்.

இரவு. பினாங்குப் பாலத்தில் மழை.
இயந்திரம் சூடாகிறது, ஆறுகிறது, சூடாகிறது.
முறுக்கு பிரிகிறது.
தனித்துப்போன ஒவ்வோர் இழையும்
எதிரில் இல்லாததை
என் குப்பிகளிலிருந்து கட்டிக்கொள்கிறது.
அடினினுக்குத் தைமின், இரண்டு பிடி.
குவானினுக்குச் சைட்டோசின், மூன்று.

இருபத்தெட்டுச் சுற்று முடிந்தால்
ஒரு சொட்டு நீரில் கோடிக்கணக்கில் அவன்.
முதலில் விழுந்த சில இழை தவிர
ஒரு கல்கூட அவனுடையதில்லை.
உலர்பனியில் விலைச்சீட்டோடு வந்திறங்கிய சரக்கு.
வரிசை மட்டும் அவனுடையது.

அவன் உடம்பிலும் அப்படித்தானே?
பரிமளா தின்ற சோறு, நெத்திலி, கடன் சொல்லி வாங்கிய பால்.
கல் எங்கிருந்தோ வருகிறது.

விடிகாலைத் திரையில் மேடுகள்.
ஓரிடத்தில் அதே நான்கெழுத்து
திக்குவாய் போலத் திரும்பத் திரும்ப:
அவளிடம் பத்து முறை, பன்னிரண்டு முறை.
அவனிடம் பன்னிரண்டு, பதினைந்து.
பன்னிரண்டு அவள் கொடுத்தது.
அடுத்த இடமும் பொருந்துகிறது. அதற்கடுத்ததும்.

தாய் என்று எழுதலாம்.

பதினைந்து?
பாரத்தில், தந்தை என்ற கட்டத்தில்
மக்லுமாட் திடாக் டிப்பெரோலேஹி.
தகவல் பெறப்படவில்லை.
பதினேழு வருடமாய் அவள் சொல்லாததைப்
பதினைந்து முறை சொல்லிக்கொண்டிருக்கிறது
பையனின் கன்னம்.

அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டதற்கு மட்டும் பதில் அடித்து
ஃபரிடாவின் மேசையில் கையொப்பத்துக்கு வைத்தேன்.
தைமின் தீரப்போகிறது; ஆர்டர் புத்தகத்தில் குறித்தேன்.

கீழே கடையில் இன்னும் நாற்காலி இறக்கவில்லை.
"கோப்பி ஓ-வா?"
ஆமாம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா.