இருநூற்று அறுபத்து மூன்று வளைவுகள்

கில்லிஸ் மலைப்பாதையில்
இருநூற்று அறுபத்து மூன்று வளைவுகளாம்.
கெய்ர்ன்ஸில் வேன் ஏறுமுன்
ஆளுக்கொரு மாத்திரை தந்தார்கள்.
என் எண் பதினேழு.
மருந்தா, வெறும் மாவா,
கொடுத்தவளுக்கே தெரியாது.

பத்து நிமிடத்துக்கொரு முறை
குமட்டலுக்கு மதிப்பெண் போடவேண்டும்.
கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன்.
முகர்ந்தால் சோதனை கெட்டுவிடுமென்று
வாங்கிக்கொண்டு ரசீது தந்தாள் பிரான்வின்.

முப்பதாம் வளைவில் வழக்கம்போல்
கண்ணை இறுக்கிக்கொண்டேன்.
வாயில் எச்சில் ஊறவில்லை.
நாற்பதில் ஒற்றைக் கண்.
அறுபதில் இரண்டும்.

ஜன்னலுக்கு வெளியே மலை இருந்திருக்கிறது.
கீழே கரும்பு வயல், அதற்குள் ஒரு குட்டி ரயில்.
கல்யாணமான புதிதில் போன கொடைக்கானல்,
பிள்ளைகளோடு போன புளூ மவுன்டன்ஸ்,
எல்லா மலையும் எனக்கு
மூடிய இமையின் கருஞ்சிவப்புதான்
இதுவரை.

பின் இருக்கையில் பத்தொன்பதாம் எண்,
தச்சுவேலை டெஸ்மண்ட், ஆறடி ஆள்,
வெளிறிப் போயிருந்தார்.
காகிதப் பையை நான்தான் பிடித்தேன்.
நெற்றியை எப்படித் தாங்கவேண்டுமென்று
எனக்கா தெரியாது?
வளைவுக்கு வளைவு 'ஸாரி' என்றார்.
நானும் அப்படித்தான்,
எல்லா ஓட்டுநரிடமும் சொல்லியிருக்கிறேன்.

படிவத்தில் சுழியம், சுழியம், சுழியம்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
அவர் வயிற்றுக்காக
என் வயிறு ஒரு கணம் புரண்டதே,
அதற்கு எத்தனை?
ஒன்றரை போட்டேன்.
பின்னம் கூடாதாம்.

யுங்கபுராவில் இறங்கியதும்
ரசீதைக் காட்டிப் பழத்தை வாங்கி
டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டேன்.
திரும்பவும் அதே பாதைதானே.