சீரோ பாத்துக்கிடுங்க

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில்
நின்ற இடத்தில் நிற்பதே பாதி வேலை.
என் தொப்பி முப்பந்தல் பக்கம் பறந்து
மூன்று வாரமாகிறது.
சீருடைப் பையில் தைத்திருக்கும் பெயர் அஜின்.
எனக்குமுன் இந்த பங்கில் நின்றவன்,
இப்போது குவைத்தில்.
நான் மெற்றில்டா. யாரும் கேட்டதில்லை.
“அஜினக்கா, ஐநூறுக்கு அடி” என்பார்கள்.

எஞ்சினை அணைங்க.
சீரோ பாத்துக்கிடுங்க.
ஒரு ஷிப்டுக்கு முன்னூறு முறை சொல்கிறேன்.
முதலாவதைக் கேட்பவர் குறைவு,
இரண்டாவதை நம்புபவர் அதிலும் குறைவு.

ஞானசிகாமணியின் ஆம்னி உறுமிக்கொண்டே வந்து நின்றது.
காதில் போன்.
“போனை உள்ள வச்சிட்டு வாங்க.”
வைத்தார். கூடவே ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.
நிரப்பிய லிட்டர், ஓடிய கிலோமீட்டர்,
பால் கணக்குபோல நெருக்கி நெருக்கி.
“பதினஞ்சு தந்த வண்டி. இப்போ பன்னெண்டு.
என்னத்த கலக்குதிய?”

நான் வாதாடவில்லை.
முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவையை
தரையில் வைத்தேன்;
கையில் தூக்கிப் பிடித்து நிரப்பக் கூடாது.
முதலில் வெறும் இரும்பைத் தொட்டேன்.
நைலான் சட்டை, ஓயாத காற்று,
ஒரு பொறிக்கு இவ்வளவு போதும்.
பிறகு குழாயின் மூக்கு விளிம்பில் உரச
மெல்ல, மிக மெல்ல.
கழுத்துக் கோட்டில் வந்து நின்றது பெட்ரோல்.
குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இன்னொருமுறை பார்த்தார்.

“அப்போ வண்டிதான் தின்னுது,” என்றார்,
சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

பின்சக்கரம் இரண்டும் இருபத்திரண்டில் கிடந்தன.
கூரையில் வெறும் கேரியர்,
கட்டிய கயிறு மட்டும் படபடவென்று.
போன கிறிஸ்மஸுக்கு பள்ளியாடிக்கு ஒரு கட்டில் ஏற்றியதாம்.
“அந்தா சுத்துதுல்லா காத்தாடி,
அது காத்துகிட்ட காசு வாங்குது.
உங்க கேரியர்
காத்துக்குக் காசு குடுக்குது.”
சிரிப்பார் என்று நினைத்தேன். மலையைப் பார்த்தார்.

பின்கதவைத் திறந்தால் தரை ஓடு,
ஒன்பது பெட்டி.
“மவளுக்கு வீடு. சுவரு பாதியில நிக்கி.”
“எறக்கி வச்சிரலாம்லா?
ஒவ்வொரு ஏத்தத்துலயும் சேந்து ஏறுதே.”
“எறக்கினா
வேண்டாம்னு ஆயிரும்லா.”

அதன்பின் டேங்கை நிரப்பினேன்.
டக்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
“ஆயிரமா ஆக்கு.”
“குழாயே போதும்னு சொல்லியாச்சு.
வெயில்ல பெட்ரோல் பெருகும், ஆவிக்கு இடம் வேணும்.”
“சில்லறை?”
நூற்று எண்பத்தெட்டையும்
அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்,
எட்டு ரூபாய் நாணயமாக.
சிகரெட்டை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு
பெட்டியில் திரும்பச் செருகினார்.
“பைய போங்க,” என்றேன்.
“அறுபதுக்கு மேல மிதிச்சா
உங்க நோட்டுலதான் தெரியும்.”

ஆவணியில் ஒரு மதியம்,
தோவாளைப் பூ வேன்களுக்கு நடுவே வரிசையில் வந்தார்.
நான் வாய் திறக்குமுன் எஞ்சின் அடங்கியது.
கூரையில் கேரியர் இல்லை;
கால் ஊன்றிய இடங்களில் நான்கு துரு வட்டங்கள்.
குறிப்பேட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்:
பதிமூன்றரை.
“அதும் திருநெல்வேலிலருந்து எதிர்காத்துல.”

சீரோ பாத்துக்கிடுங்க, என்றேன்.
பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை.

வண்டியின் பின்புறம்
அன்றுபோலவே தாழ்ந்திருந்தது.
கேட்கவில்லை.
காற்றுக் குழாயை இழுத்துப் போய்
பின்சக்கரங்களுக்கு மட்டும்
பாரத்துக்கென்று
நாலு பவுண்டு கூட்டி வைத்தேன்.