மூன்று சுற்று

வெள்ளிக்கிழமை பின்னேரம்
பாரமில்லாமல் சுற்றினேன்.
பிழை அங்கேதான்.
மற்றதெல்லாம் அதன் வட்டி.

ஒரு போட்டைத் தண்ணியில் இறக்கிவிட்டுக்
கொளுக்கி வெறுமையாய்த் திரும்பியது.
நூற்றெண்பது மீற்றர் கம்பிவடம்
மயிலிட்டிச் சாய்தளத்தில் தொய்ந்து, உரசி,
விஞ்சின் உருளையில் ஏறியது,
கலியாண வீட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் மாதிரி
கண்ட கண்ட இடத்தில் குந்திக்கொண்டு.
அமலதாஸ் மரச்சுத்தியலோடு வந்தான்.
"விடு, திங்கள் பாப்பம்" என்றேன்.
கொப்பியில் 'சரி' என்று எழுதினேன்.
அந்த 'ரி'யின் சுழி மட்டும்
ஒழுங்காய் விழுந்தது.

திங்கட்கிழமை
பிரகாசம் சம்மாட்டியின் 'கடற்தாரகை',
பதினெட்டுத் தொன்,
அடியெல்லாம் பாசியும் சிப்பியும்,
தண்டவாளத்தில் பாதி ஏறியிருந்தது.
மேலே கிடந்த சுற்று
கீழே இருந்த தொய்வைக் கண்டுபிடித்தது.
இரண்டு சுற்றுக்கு நடுவே தலையை நுழைத்து
இறங்கிக் கடித்துப்
பிறகு விட்டது.

வெடிச் சத்தம்.
கோயில் கூரையில் புறாக்கள் எழும்பின.
வலைக்காரர் நாலைந்து பேர் நிலத்தில் படுத்தார்கள்,
பழைய பழக்கம்.
போட் ஓரடி பின்னுக்குப் போய் நின்றது.
ஓரடிதான்.
கட்டை செருகிக்கொண்டிருந்த
அமலதாஸின் தம்பி
கையை எடுத்திருந்தான்,
எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.
செருப்பொன்று சில்லுக்குக் கீழே.

சம்மாட்டி ஏசவில்லை.
எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.
அது ஏச்சைவிட மோசம்.

பிறகு முழுவதையும் அவிழ்த்தோம்.
வாசலைத் தாண்டி, ஐஸ் கொம்பனியைத் தாண்டி,
வலை பொத்துகிற பெண்களின் கால்மாட்டால்
கிறீஸ் வழிய இழுத்துக்கொண்டு போனோம்.
"வடம் இஞ்சை கிடக்கு,
தேரை எங்கை விட்டனீங்கள்?"
என்றாள் பெனடிக்ரா.
முனை போய் நின்றது
முகாம் வேலிக்கு நாலு முழம் இப்பால்.
அங்கேயும் கம்பிச் சுருள்தான்.
அதை இன்னும் ஒருவரும்
திருப்பிச் சுற்றவில்லை.

உருளையில் மிஞ்சியது மூன்று சுற்று.
மஞ்சள் பெயின்ற் அடித்தது.
எந்த நாளும் அவிழக் கூடாதது.
வெயிலும் காணாமல், சாய்தளமும் காணாமல்
இரும்பைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கும்.
முனையில் இருக்கிற ஆப்பு சும்மா பேருக்கு.
இந்த மூன்றின் பிடியில்தான்
பதினெட்டுத் தொன் தொங்குகிறது.

வலமுறுக்கு வடம்.
வலது கையைக் கவிழ்த்துப் பிடி,
சுட்டுவிரல் வடம் வரும் பக்கம்,
பெருவிரல் காட்டுகிற விளிம்பில் தொடங்கு.
ஞானோபதேசம் மறந்தாலும் இது மறவாது எனக்கு.
மறதி அல்ல வெள்ளிக்கிழமை நடந்தது.

கல்லேற்றிய உழவு மெசினை மறுமுனையில் கட்டினோம்.
றொபின்சன் பிறேக்கை அரைவாசி மிதித்தபடி
இழுபட்டு வந்தான்.
"வராதை, ஆனா வா",
அவ்வளவுதான் அவனுக்குச் சொன்னது.
டொக். டொக்.
சுற்றோடு சுற்று, நகம் நுழையாமல்.
இரண்டாம் அடுக்கு
முதல் அடுக்கின் பள்ளத்தில் படுத்தது.
கடிபட்ட இடத்தில் பழந்துணி கொழுவியது:
நாலு இழை அறுந்திருந்தது.
புது வடம் வரும்வரைக்கும்
சின்னப் போட்டுகள் மட்டும் என்றார் இன்ஜினியர்.
இருட்டியபோது
உருளையில் லாம்பு வெளிச்சம்
வரி வரியாய் வழுக்கியது.

கொப்பியில் 'சரி'யை வெட்டவில்லை.
அதற்குக் கீழே எழுதினேன்:
பாரமின்றிச் சுற்றியது நான்.

இப்போது கொளுக்கி வெறுமையாய்த் திரும்புவதில்லை.
உடைந்த ஜெற்றியின் கொங்கிறீற் துண்டொன்றைக்
கட்டி இறக்குகிறேன், கட்டி இழுக்கிறேன்.
ஒரு வேலையும் இல்லாமல்
நாள் தவறாமல் போய் வருகிறது அது.
பொடியள் அதற்குச் 'சம்மாட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
பிரகாசத்தாருக்கும் தெரியும்.
வழியில் அதைக் கண்டால்
தொப்பியைக் கொஞ்சம் தூக்குவார்.