ஒற்றைப்படை

எங்கள் ஊருக்கு முன்பு வேறு பெயர்.
பத்தாங் பெர்ஜுந்தை.
தொங்கும் தண்டு என்று சொல்லிச் சொல்லி
பஸ்ஸில் வரும் வெளியூர்ப் பையன்கள் சிரிப்பார்கள்.
ஒருநாள் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது.
பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பலகை நட்டது.
டாக்டர் சான்றிதழ் கேட்கவில்லை.
ஊரைப் பெற்றவர்களுக்குச் சம்மதமா என்று
ஒருவரும் விசாரிக்கவில்லை.

நான் பதிவிலாகாவுக்கு ஏழு முறை போனேன்.

என் ஐசியில் இன்னும்
சஞ்சீவன் ஏ/எல் பெரியண்ணன்.
கடைசி எண் ஏழு. ஒற்றைப்படை என்றால் ஆண்.
கவுண்டர்க்காரி என் சேலையைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள்,
கணினி ஏற்காது என்றாள். நல்லவள்தான்,
சேலை எங்கே வாங்கினாய் என்றும் கேட்டாள்.

அம்மாவுக்குச் சிவப்பு ஐசி.
ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்து
செம்பனைக்கு மருந்தடித்து
அந்த மருந்தையே மூச்சாக இழுத்து
சாகும்வரை வெளியாள்.
எனக்கு நீலம். ஆகவே நான் இந்த நாட்டின் மகன்.
மகன்தான்.

ஆகஸ்ட் கடைசி. விளக்குக் கம்பமெல்லாம் கொடி.
முடிதிருத்தும் கடை மாடியில் பதினோரு பேர்
ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தோம்,
ஆஸ்பத்திரியில் எங்களை ஆண்கள் வார்டில் போடாதீர்கள் என்று.
அவ்வளவுதான்.
நல்ல மலாய் நூரிக்குத்தான் வரும்.
மலேசிய மக்களாகிய நாங்கள் என்று தொடங்கி
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

கதவை இடித்தார்கள்.

ஐசிகளை வாங்கி இரண்டு குவியலாகப் போட்டார்கள்.
நூரியும் அவள் ஆட்களும் வேனுக்கு.
நானும் ஆ ஹுவாவும் சுவரோரம்.
'நீங்கள் எங்கள் சட்டத்தில் இல்லை. போகலாம்.'

இதையேதான் அம்மாவிடமும் சொன்னார்கள்,
கொஞ்சம் மரியாதை குறைவாக.
எனக்கு அது விடுதலையாக வந்தது.
பொய் சொல்ல மாட்டேன்,
கால் படிப்பக்கம் திரும்பிவிட்டது.
மேசைக்கடியில் நூரியின் ஒற்றைச் செருப்பு.
வார் அறுந்து, ஊக்கு குத்தியது.

அதை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனேன்.
விடியும்வரை பெஞ்சில் இருந்தேன்.
பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள்
நாட்டுப்பண்ணை ஒத்திகை பார்த்தார்கள்.
பழக்கம். எழுந்து நின்றேன்.
ஏட்டும் நின்றார்.
பூட்டிய கதவுக்குப் பின்னால்
யாரோ சேர்ந்து பாடியதுபோல் இருந்தது,
நிச்சயமாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் நோட்டைத் திறந்தார்.
முதலில் இடம் எழுத வேண்டும்.
கைப்பழக்கத்தில் பத்தாங் என்று போட்டு
அடித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதினார்.
அடித்த கோட்டுக்கு அடியில்
பழையது தெளிவாகவே தெரிந்தது.

பெயர்? என்றார்.

சுகுணவல்லி என்றேன்,
செருப்பை மடியில் வைத்தபடி,
எழுத்தெழுத்தாக.

அவர் இன்னும் எழுதவில்லை.